ஐடியைக் காட்டுவதா, கொடுப்பதா?

தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் என் சின்னம்மா ஹட்டன் டவுனில் ஒரு கடையில் ரைஸ் குக்கர் வாங்கினார். காசை எண்ணிக் கொடுத்தே வாங்கினார். தவணையும் இல்லை, கடனும் இல்லை. ஆனாலும் பில் போடுவதற்கு முன் ஒரு படிவம் நீட்டப்பட்டது. முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, வீட்டு முகவரி, கைப்பேசி இலக்கம், வாட்ஸ்அப் இலக்கம், கணவரின் பெயர், அவர் வேலை செய்யும் இடம், பிள்ளைகள் எத்தனை பேர், மதம் என்று அது நீண்டுகொண்டே போனது. சின்னம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கட்டத்தையும் விடாமல் நிரப்பினார். வெளியே வந்த பிறகு எதற்காக இவ்வளவையும் எழுதினீர்கள் என்று கேட்டேன். "எழுதினாத்தானே வாரண்டி தருவாங்க" என்றார். வாரண்டி அட்டையை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்தவை மூன்றே மூன்று: பொருளின் தொடர் இலக்கம், வாங்கிய திகதி, கடையின் முத்திரை.

அந்தக் கவுண்டருக்கு முன்னால் நிற்பவருக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, அவற்றுள் எது இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான எங்கள் மலையகத்து வாழ்க்கைக்குப் பொருந்தும் என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன். கேட்டதையெல்லாம் கொடுத்துவிடலாம், முற்றாக மறுத்துவிட்டு வேறு கடைக்குப் போகலாம், தேவையானதை மட்டும் கொடுத்து மற்றதை நிறுத்திக்கொள்ளலாம், கடைகளுக்கென்று வேறொரு தொலைபேசி இலக்கம் வைத்துக்கொள்ளலாம், பொய்யான விவரத்தை எழுதிவிட்டு வரலாம், அல்லது முறைப்பாடு செய்யலாம். ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் அளக்கிறேன்: இன்றைக்கு எனக்கு என்ன செலவு, நாளைக்கு எதைக் காப்பாற்றுகிறது, தவறிப்போனால் திருத்திக்கொள்ள முடியுமா. மூன்றாவது கேள்விதான் பலருக்குத் தோன்றுவதில்லை. தொலைபேசி இலக்கத்தை மாற்றலாம், கடவுச்சொல்லை மாற்றலாம்; பிறந்த திகதியை யாராலும் மாற்ற முடியாது.

அட்டையின் எடை

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் மக்களுக்கு அடையாள அட்டை வெறும் பிளாஸ்டிக் துண்டாக இருந்ததில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மனிதர்களை எண்ணிக்கையாகப் பிரித்து, ஒரு பகுதியினரை இந்தியாவுக்கும் மற்றொரு பகுதியினரை இலங்கைக்கும் என்று ஒதுக்கியது. எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்ப்பதற்கான சட்டம் 2003 இல்தான் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் "பேப்பர் இருக்கா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்ற ஒரு சமூகம், அந்தப் பேப்பர் கைக்கு வந்தபின் யார் கேட்டாலும் உடனே எடுத்துக் காட்டுகிறது. என் தாத்தா தன் அட்டையைச் சட்டைப்பைக்குள் ஒரு சின்னப் பொலித்தீன் உறையில் போட்டு வைத்திருந்தார். பஸ் கண்டக்டர் கேட்டிருந்தால்கூட எடுத்துக் கொடுத்திருப்பார். அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அட்டை இல்லாதவருக்கு இந்த நாட்டில் என்ன நடந்தது என்பதை அனுபவித்து அறிந்தவரின் எச்சரிக்கை அது. ஆனால் இன்றைய கடைக்காரருக்கு அந்த எச்சரிக்கையே வசதியாகிவிட்டது.

அட்டை இலக்கம் என்பது கண்டபடி விழுந்த எண் வரிசை அன்று. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் இலக்கம் பன்னிரண்டு இலக்கம் கொண்டது. பழையதில் முதல் இரண்டும் புதியதில் முதல் நான்கும் பிறந்த ஆண்டைச் சொல்கின்றன. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைச் சொல்கின்றன. பெண் என்றால் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்தே எண்ணுகிறார்கள். ஆகவே 1985 மார்ச் 1 ஆம் திகதி பிறந்த ஒரு பெண்ணின் பழைய இலக்கம் 85561 என்று தொடங்கும், புதியது 1985561 என்று தொடங்கும். இலக்கத்தை மட்டும் எழுதிவிட்டுப் பிறந்த திகதியை எழுதாமல் விட்டோம் என்று நிம்மதி அடைய இடமில்லை, இரண்டும் ஒன்றுதான். வங்கிக்குத் தொலைபேசி எடுத்தால் மறுமுனையில் இருப்பவர் உங்களை உறுதிசெய்துகொள்ளக் கேட்பவை எவை என்று நினைத்துப் பாருங்கள். அட்டை இலக்கம், பிறந்த திகதி, முகவரி, தாயின் பெயர். ரைஸ் குக்கர் படிவத்தில் சின்னம்மா இவற்றில் மூன்றை எழுதிக் கொடுத்திருந்தார்.

பெயரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வெள்ளைக்காரர் போல எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரே தலைப்பெழுத்தாக நிற்கிறது. தலைப்பெழுத்தோடு பெயரை எழுதினால் ஒருவரின் விவரம் மட்டுமே போகிறது. "முழுப் பெயர்" என்ற கட்டத்தை நிரப்பினால் தந்தையின் பெயரும் சேர்ந்து போகிறது. முகவரியோ இன்னும் வேறு மாதிரி. டவுனில் இருப்பவரிடம் வீட்டு இலக்கமும் தெருப் பெயரும் உண்டு. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருப்பவருக்குப் பெரும்பாலும் தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும்தான் முகவரி. கடிதம் தோட்ட ஆபீசுக்கோ கடைக்கோ வந்து, கை மாறி, பிறகுதான் வீட்டுக்கு வரும். ஒரு கடன் நிறுவனத்தின் நினைவூட்டல் கடிதம் அந்த வழியில் எத்தனை கண்களைக் கடந்து வருகிறது என்பது, அதை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். தேடி வரும் ஆளுக்கும் வேலை சுலபம். டிவிஷனுக்குள் வந்து பெயரைச் சொன்னால் போதும், சின்னப் பிள்ளைகளே வீட்டைக் காட்டிவிடும்.

கேட்டதையெல்லாம் கொடுத்தல்

இதன் பலம் வேகம். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வருபவருக்கு நேரம் காசு; பகல் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்பது மழைக்கும் பாதைக்கும்தான் தெரியும். வாக்குவாதம் வேண்டாம், பெயர் கெடவும் வேண்டாம், எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம் என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

எல்லாவற்றையும் கொடுக்கத்தான் வேண்டிய இடங்களும் உண்டு. வங்கிக் கணக்குத் திறப்பது, நகை அடகு வைப்பது, பணம் அனுப்புவது போன்றவற்றில் 2006 ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டம் வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்யும் கடமையை நிறுவனத்தின்மீது சுமத்துகிறது. சிம் வாங்குவதும் அட்டையின்றி நடக்காது. இந்த இடங்களில் மறுத்துப் பயனில்லை. கேட்கும் பெண்ணோ பையனோ விரும்பினாலும் விட்டுக்கொடுக்க முடியாது.

ஆனால் ரைஸ் குக்கர், மூக்குக் கண்ணாடி, பிறந்தநாள் கேக், பிள்ளைகளின் டியூஷன், அழகு நிலையம், புள்ளி சேர்க்கும் அட்டை? இவற்றுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. இங்கே எல்லாவற்றையும் கொடுப்பது பணிவினாலும் பழக்கத்தினாலும் மட்டுமே நடக்கிறது.

கொடுத்தது எங்கே போகிறது என்பதை எனக்குத் தெரிந்த ஓர் இடத்திலிருந்து சொல்கிறேன். நான் நான்கு வருடம் ஒரு கொமினிகேசன் கடையில் வேலை செய்தேன். போட்டோ கொப்பி, ரீலோட், விண்ணப்பம் நிரப்புதல், போட்டோ பிரிண்ட். ஆட்கள் தங்கள் அட்டையைப் படம் பிடித்துக் கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவார்கள். நான் கம்ப்யூட்டரில் இறக்கி அச்சடித்துக் கொடுப்பேன். ஒரு மாதம் போனால் அந்த டவுன்லோட் போல்டரில் அட்டைகளின் முன்பக்கம், பின்பக்கம், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போட், வங்கிப் புத்தகம், சேமலாப நிதிக் கடிதம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் என்று நூற்றுக்கணக்கில் கிடக்கும். நான் நினைவு வந்தபோது அழித்தேன். நினைவு வராத மாதங்களும் இருந்தன. அந்த நான்கு வருடத்தில் ஒருவர்கூட "என் படத்தை அழிச்சிடுங்க தம்பி" என்று கேட்டதில்லை. சரியாக விழாத பிரதிகளைக் கூடையில் போடுவோம். பழைய தாள் எடுப்பவர் வந்து நிறுத்து வாங்கிப் போவார். ஒரு நாள் பஸ் நிலையத்தில் வாங்கிய கச்சான் சுருளைப் பிரித்தபோது உள்ளே ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி இருந்தது. அது எங்கள் கடையிலிருந்து போனதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் முதல் கெட்டுப்போன பிரதிகளை நானே கிழித்துப் போட ஆரம்பித்தேன்.

யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கேட்பது சுலபமாக இருக்கிறது, சேர்த்து வைப்பது செலவில்லாமல் இருக்கிறது, அழிப்பது யாருடைய வேலையும் இல்லை. அதனால் குவிகிறது. குவிந்த இடத்தில் கெட்ட எண்ணமுள்ள ஒருவர் வந்து சேர ஒரு நாள் போதும்.

முற்றாக மறுத்தல்

மறுப்பதுதான் மிக உறுதியான காப்பு, கொடுக்காதது கசியாது. ஆனால் இதன் விலை இடத்துக்கு இடம் மாறும். கொழும்பில் ஒரு கடையை விட்டால் அதே தெருவில் பத்துக் கடை. பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ குறிப்பிட்ட பொருளை விற்பது ஒரு கடையாகத்தான் இருக்கும். அதை விட்டால் ஹட்டனுக்கு வர வேண்டும், அப்படி வந்தால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போகும். அந்தக் கடைக்காரரே அடுத்த மாதம் சாமான் கடன் தருபவராகவும் இருக்கலாம். ஆகவே எல்லாவற்றுக்கும் மறுக்கும்படி யாருக்கும் நான் புத்தி சொல்ல மாட்டேன்.

என்ன விலை ஆனாலும் மறுக்க வேண்டியவை என்று சிலவற்றைச் சொல்வேன். ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் பிணையாக வைத்துக்கொள்ளக் கேட்கும் எவருக்கும் மறுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் சம்பள நாளன்று அம்மா தன் சம்பளத்தை எடுக்க, தன் அட்டையை வைத்திருக்கும் ஆளின் வீட்டு வாசலில் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தைக் கேட்பவருக்கு மறுக்க வேண்டும். மூல அடையாள அட்டையையே வாங்கி மேசை லாச்சியில் போட்டுக்கொள்பவருக்கும் மறுக்க வேண்டும். இவற்றோடு, கடன் தருகிறேன் என்று சொல்லிக் கைப்பேசியின் தொடர்புப் பட்டியலைத் திறக்கச் சொல்லும் செயலியையும் மறுக்க வேண்டும்.

இந்தக் கடைசியைக் கொஞ்சம் விரிக்கிறேன். அவசரத்துக்கு இருபதாயிரம் ரூபாய் தேவைப்படும் ஒருவர் பணத்தின் வட்டியை ஒப்பிடுகிறார். எவ்வளவு விவரம் விலையாகப் போகிறது என்பதை ஒப்பிடுவதில்லை. வங்கியில் நகையை அடகு வைத்தால் அட்டையும் கையொப்பமும் போகின்றன. அங்கே 1988 ஆம் ஆண்டின் வங்கிச் சட்டம் வாடிக்கையாளர் விவரத்தில் இரகசியம் காக்கும் கடமையை விதித்திருக்கிறது. நுண்நிதிக் குழுக் கடனில் கணவரின் கையொப்பம், குழுவிலுள்ள மற்றப் பெண்களின் பொறுப்பு, வீட்டு வருமானம் எல்லாம் போகின்றன. கட்டத் தவறினால் லயம் முழுவதற்கும் தெரிந்துவிடும் என்பதுதான் அந்தக் கடனின் உண்மையான பிணை. செயலிக் கடனோ முகம் தெரியாதவருக்கு உங்கள் கைப்பேசியில் உள்ள எல்லாருடைய பெயரையும் இலக்கத்தையும் கொடுக்கிறது. ஒரு நாள் தவணை பிந்தினால் தலைமை ஆசிரியருக்கும் கோயில் தலைவருக்கும் மருமகளின் வீட்டாருக்கும் அழைப்புப் போகும். அந்த இலக்கங்கள் உங்களுடையவையும் அல்ல; உங்களை நம்பித் தந்தவர்களுடையவை.

கூகுள் பிளே தன் விதிகளை மாற்றி, 2023 மே 31 முதல் தனிநபர் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் புகைப்படங்களையும் தொடக்கூடாது என்று தடைசெய்தது. ஆகவே பிளே ஸ்டோரில் இல்லாமல், குறுஞ்செய்தியிலோ பேஸ்புக்கிலோ வரும் இணைப்பின் மூலம் நிறுவச் சொல்லும் கடன் செயலி, அந்தத் தடைக்கு வெளியே நின்றுகொண்டு கேட்கிறது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. நகை இருந்தால் அடகுதான் நல்லது என்பது என் கருத்து. நகை போனாலும் மானம் வீட்டோடு இருக்கும்.

காட்டுதல், கொடாமல் இருத்தல்

மூன்றாவது வழியையே நான் பெரும்பாலும் பின்பற்றுகிறேன். இதன் அடிப்படை ஒரே கேள்வி: இதைத் தராவிட்டால் உங்களால் எனக்கு எதைச் செய்ய முடியாமல் போகும்? கேள்வியை இந்தக் கட்டுரைத் தமிழில் கேட்டால் கடைப் பையன் பயந்துவிடுவான். "தம்பி, இது எழுதலன்னா பில் போட முடியாதா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டால் போதும். பல நேரம் அவன் முதலாளி சொன்னதைச் செய்கிறான். எதற்கு என்று அவனுக்கும் தெரியாது. "சிஸ்டம் எடுக்காதுங்க" என்று சொன்னால், கட்டாயமான கட்டம் எது என்று காட்டச் சொல்லுங்கள். பத்துக் கட்டத்தில் இரண்டோ மூன்றோதான் கட்டாயமாக இருக்கும்.

யார் என்று சரிபார்க்க வேண்டிய தேவை உண்மையாகவே இருந்தால் அட்டையைக் காட்டலாம். காட்டுவதற்கும் கொடுப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. காட்டினால் ஒரு மனிதர் ஒரு முறை பார்க்கிறார். கொடுத்தால் இலக்கம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. படம் பிடிக்க விட்டால் முகமும் கையொப்பமும் முகவரியும் சேர்ந்து அந்தப் பையனின் சொந்தக் கைப்பேசியிலேயே தங்குகின்றன. அட்டையை உங்கள் கையிலேயே பிடித்துக்கொண்டு காட்டுங்கள். படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கினால், "படம் வேண்டாம் தம்பி, பாத்துக்கங்க" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பிரதி கொடுத்தே தீர வேண்டிய இடம் வந்தால், அதன்மேல் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் செய்வது இப்படி: பிரதியின் குறுக்கே இரண்டு சாய்கோடு இழுத்து, நடுவில் எந்த நிறுவனத்துக்கு, எந்தத் தேவைக்கு, எந்தத் திகதியில் என்று பேனாவால் எழுதி, "வேறு தேவைக்குச் செல்லாது" என்று சேர்த்துக் கையொப்பம் வைப்பேன். கோடு படத்தின் மேலும் கொஞ்சம் ஏற வேண்டும். ஓரத்தில் எழுதினால் ஓரத்தை மறைத்து மறுபடி பிரதி எடுத்துவிடலாம். இலக்கம் வாசிக்கும்படி இருந்தால் வாங்குபவர் மறுக்கக் காரணமில்லை. இதற்கு ஆகும் செலவு ஒரு நிமிடமும் கொஞ்சம் மையும். அந்தப் பிரதியை வைத்து இன்னொருவர் சிம் எடுக்கவோ உங்களுக்குத் தெரியாமலே உங்களைப் பிணையாளர் ஆக்கவோ போனால், பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது அந்த எழுத்துதான்.

கொமினிகேசன் கடையில் பிரதி எடுப்பவருக்கும் இதையே சொல்வேன். வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் அட்டையையே கொண்டுபோய் மெசினில் வைத்து, கண் முன்னால் எடுத்து, கெட்டுப்போன தாளையும் கேட்டு வாங்கி வாருங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், அச்சடித்த பிறகு அரட்டையிலிருந்தும் போல்டரிலிருந்தும் அழிக்கச் சொல்லி நின்று பாருங்கள். அந்தக் கவுண்டரின் மறுபக்கத்தில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேட்டால் அழிப்போம்.

இந்த வழிக்கு ஒரு குறை உண்டு. இதற்கு வாய் வேண்டும். சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் வரிசை நிற்க, முன்னால் குரல் உயர்த்தும் ஆபீசரிடம் இதைக் கேட்பது எல்லாராலும் முடியாது. வயதானவரோடு வீட்டிலிருந்து ஒரு பிள்ளை போவது இதற்கு நல்ல துணை. யாரும் இல்லையென்றால் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பி வருகிறேன் என்று கேட்கலாம். அவசரத்தில் வாங்கும் கையொப்பம் போல ஆபத்தானது வேறில்லை.

இரண்டாம் இலக்கமும் பொய் விவரமும்

கைப்பேசி இலக்கத்தைக் கேட்காத கடை இன்று இல்லை. அதே இலக்கம்தான் வங்கியின் ஓ.டி.பி. வரும் இலக்கமும், பள்ளிக்கூடம் அழைக்கும் இலக்கமும். ஆகவே இரண்டு சிம் போடும் கைப்பேசியில் கடைகளுக்கென்று ஒரு மலிவான இலக்கம் வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. அதை உங்கள் பெயரிலேயே எடுக்க வேண்டும். தோட்டங்களில் பலர் கடைக்காரர் பெயரிலோ எப்போதோ வேலைக்கு வந்தவர் பெயரிலோ உள்ள சிம்மைப் பாவிக்கிறார்கள். #132# என்று அழுத்திப் பார்த்தால் அது யாருடைய அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இந்த வழி விளம்பரத் தொல்லையையும் மோசடி அழைப்பையும் நன்றாகத் தடுக்கிறது: வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று கடை இலக்கத்துக்கு அழைப்பு வந்தால், வங்கிக்கே தெரியாத இலக்கத்துக்கு அது எப்படி வந்தது என்ற கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். பெயரையும் அட்டையையும் இது காப்பாற்றாது. அவ்வப்போது ரீலோட் போடாவிட்டால் இலக்கமே கைவிட்டுப் போகும்.

பொய் விவரம் எழுதுவதைப் பலர் எனக்குச் சிபாரிசு செய்திருக்கிறார்கள். சிம், கடன், காப்புறுதி, வங்கி ஆகியவற்றில் அது குற்றத்தில் கொண்டுபோய் விடும். கடைப் படிவத்தில் குற்றமில்லை என்றாலும், வாரண்டி கேட்கப் போகும் நாளில் எழுதிய பெயரும் வந்த ஆளும் பொருந்தாமல் நிற்க நேரும். வெறுமையாக விடக்கூடிய கட்டத்தில் பொய் எழுதுவது தேவையில்லாத வேலை. இதை நான் ஒதுக்கிவிடுகிறேன்.

முறைப்பாடும் சட்டமும்

2022 மார்ச்சில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. குறிப்பிட்ட தேவைக்காகவே தரவைச் சேர்க்க வேண்டும், தேவைக்கு அளவாகவே சேர்க்க வேண்டும், தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது என்பவை அதன் அடிப்படைகள். தன் விவரத்தைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கக் கேட்கவும் ஆளுக்கு உரிமை தருகிறது. இனம், மதம், உடல்நலம், கைரேகை போன்ற உயிரியல் அடையாளம், பிள்ளைகளின் விவரம் ஆகியவற்றை அது விசேட வகையாக வைத்துக் கூடுதல் காப்பு விதிக்கிறது. மீறும் நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. சின்னம்மாவின் படிவத்தில் கடைசியாக இருந்த "மதம்" என்ற கட்டம் இந்த விசேட வகையில் விழுகிறது.

ஆனால் இந்தச் சட்டம் ஒரே நாளில் உயிர்பெறவில்லை. பகுதி பகுதியாக நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்டது; 2025 மார்ச்சில் தொடங்கவிருந்த முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. ஆகவே கவுண்டரில் நின்று சட்டத்தைச் சொன்னால் உடனே பலன் கிடைக்கும் என்று யாருக்கும் நம்பிக்கை ஊட்ட எனக்கு மனம் வரவில்லை. கடன், வங்கி, லீசிங் நிறுவனங்களின் விஷயத்தில் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பொருள் வாங்கியதில் பில் தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. தொலைபேசி, சிம் தொடர்பானவற்றுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழு இருக்கிறது. யாரோ உங்கள் பெயரில் கடன் எடுத்திருப்பார் என்ற சந்தேகம் வந்தால், கிரிப் என்று எல்லாரும் சொல்லும் கடன் தகவல் பணியகத்திடம் உங்கள் சொந்த அறிக்கையைக் கேட்டுப் பெறலாம். ஒருவருக்குப் பிணை நின்று ஏமாந்த குடும்பங்கள் அதிகமுள்ள எங்கள் பகுதியில் இதைச் செய்து பார்ப்பவர் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

முறைப்பாடு நடந்துவிட்ட தவறுக்கான வழி. வெளியே போன விவரத்தை அது திரும்பக் கொண்டுவராது. அதன் பலன் அடுத்தவருக்குப் போய்ச் சேரும், அதற்காகவே செய்ய வேண்டும். செய்பவர் பில்லையும் படிவத்தின் படத்தையும் வைத்திருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

எதை எங்கே தெரிந்தெடுப்பது

வங்கியிலும் சிம் கடையிலும் கேட்டதைக் கொடுக்கிறேன், பிரதியில் எழுதிக் கொடுக்கிறேன். சாமான் வாங்கும் கடையில் பெயரும் கடை இலக்கமும் மட்டும். மருந்துக் கடையிலும் கிளினிக்கிலும் நோயோடு தொடர்புள்ளதை ஒளிக்க மாட்டேன். அங்கே மறைப்பது உடம்புக்குக் கேடு. ஆனால் கணவர் எங்கே வேலை செய்கிறார் என்பது காய்ச்சலுக்குத் தேவையில்லை. டியூஷன் வகுப்பில் பிள்ளையின் பெயர், வகுப்பு, அவசரத்துக்கு என் இலக்கம் ஆகியவற்றுக்கு மேல் ஒன்றும் எழுதுவதில்லை. பிள்ளையின் படத்தைப் பேஸ்புக்கில் போட அனுமதி கேட்டால் வேண்டாம் என்கிறேன். செயலி எதையாவது கேட்டால், அந்த வேலையைச் செய்யும் நேரத்துக்கு மட்டும் அனுமதி என்ற தெரிவை அழுத்துகிறேன். டோர்ச் லைட் செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்டால் அந்தச் செயலியையே நீக்கிவிடுகிறேன்.

ஆறு வழிகளில் இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் எங்கள் ஊருக்குப் போதும் என்று நினைக்கிறேன்: அட்டையைக் காட்டி நிறுத்திக்கொள்வதும், கடைகளுக்குத் தனி இலக்கம் வைப்பதும். இரண்டுக்கும் பஸ் ஏறி அலையத் தேவையில்லை, கடைக்காரரோடு பகையும் வராது, ஒரு நாள் தவறிப்போனாலும் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். மறுப்பை மேலே சொன்ன நான்குக்காக வைத்திருக்கிறேன்.

பொங்கல் முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு சின்னம்மா அதே கடைக்கு ஓர் அயன் பொக்ஸ் வாங்கப் போனார். நான் கூடப் போனேன், ஆனால் வாசலில் நின்றுகொண்டேன். பையன் படிவத்தை நீட்டினான். சின்னம்மா பேனாவைத் தொடாமல், "இது எழுதலன்னா பில் போட முடியாதா தம்பி?" என்று கேட்டார். பையன் ஒரு கணம் அவரைப் பார்த்தான், பிறகு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான், ஏதோ இரண்டு பட்டன்களை அழுத்தினான். பில் வந்தது. வாரண்டி அட்டையில் தொடர் இலக்கம், திகதி, முத்திரை மூன்றும் விழுந்தன. பில்லில் வாடிக்கையாளர் பெயர் என்ற இடத்தில் "கேஷ்" என்று அச்சாகியிருந்தது.